கடும் ஒவ்வாமை: அடையாளம் காண்பதிலிருந்து மறுபடி வராமல் காப்பது வரை

ஒவ்வாமை என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது தும்மல், அரிப்பு, தோலில் கொஞ்சம் தடிப்பு. தொல்லைதான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. அதே ஒவ்வாமை சிலருக்குச் சில நிமிடங்களுக்குள் மூச்சுக்குழாயையும் ரத்த ஓட்டத்தையும் சேர்த்துத் தாக்கிவிடும். இதைத்தான் மருத்துவர்கள் அனாஃபிலாக்ஸிஸ் என்கிறார்கள்.

எவ்வளவு வேகமாக? பிரிட்டனில் அனாஃபிலாக்ஸிஸால் இறந்தவர்களின் பதிவுகளை ரிச்சர்ட் பம்ஃப்ரி என்ற மருத்துவர் வருடக்கணக்கில் திரட்டி, 2000-ல் ஓர் ஆய்வாக வெளியிட்டார். இதயமோ மூச்சோ நின்றுபோகும் வரை கிடைத்த நேரம், இடைநிலைக் கணக்கில், உணவால் வந்தவர்களுக்கு 30 நிமிடம். குளவி, தேனீ கொட்டியவர்களுக்கு 15 நிமிடம். மருத்துவமனையில் ஊசி வழியாக மருந்து ஏற்றப்பட்டவர்களுக்கு 5 நிமிடம். ஆம்புலன்ஸ் வருவதற்குள்ளேயே இந்த நேரம் தீர்ந்துவிடலாம். அதனால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதுதான் பல சமயம் முடிவைத் தீர்மானிக்கிறது. நோயாளிக்கும் வீட்டாருக்கும் உடன் வேலை பார்ப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதல் படி: இது சாதாரண அலர்ஜி இல்லை என்று புரிந்துகொள்வது

உலக ஒவ்வாமை அமைப்பு 2020-ல் வெளியிட்ட வரையறை இரண்டே விதிகளில் அடங்கிவிடும். ஒன்று: தோலில் அல்லது வாய், உதடு, நாக்கில் திடீரென்று மாற்றம் வருகிறது, காணாக்கடி போன்ற தடிப்பு, சிவப்பு, வீக்கம். அதோடு மூச்சுத் தொல்லையோ, ரத்த அழுத்தம் விழுந்ததற்கான அறிகுறியோ, கடுமையான வயிற்றுவலியும் திரும்பத் திரும்ப வாந்தியுமோ சேர்ந்துகொள்கிறது. இரண்டாவது: ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்த, அல்லது பலமாகச் சந்தேகிக்கிற ஒன்று உடலுக்குள் போன பிறகு மூச்சு இளைக்கிறது, குரல் மாறுகிறது, அல்லது ரத்த அழுத்தம் விழுகிறது. தோலில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் இது அனாஃபிலாக்ஸிஸ்தான்.

இந்த இரண்டாவது விதியைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பத்தில் ஒன்றிரண்டு பேருக்குத் தோலில் எந்த அடையாளமும் தெரிவதில்லை. "உடம்பில் தடிப்பு எதுவும் இல்லையே, வேறு ஏதாவதாக இருக்கும்" என்று காத்திருப்பது ஆபத்தான தவறு. குரல் கரகரப்பது, விழுங்க முடியாமல் எச்சில் வழிவது, விடாத இருமல், மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம், தலைசுற்றல், கண் இருட்டிக்கொண்டு வருவது ஆகியவற்றைக் கவனியுங்கள். சின்னக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. திடீரென்று துவண்டு போவது, வெளிறுவது, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து தூங்கிப் போவது, நாக்கைத் தேய்த்துக்கொண்டே அழுவது எல்லாம் குழந்தையின் மொழி. பெரியவர்கள் பலர் இன்னொன்றையும் சொல்வதுண்டு: "ஏதோ பெரிய விபரீதம் நடக்கப்போகிறது போல இருக்கிறது." அது வீண் பயம் இல்லை. மருத்துவப் புத்தகங்களில் இடம்பிடித்த அறிகுறி அது.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அடுத்த படி ஏன் அவசரம் என்பது விளங்கும். ஒவ்வாமை உள்ளவரின் உடல், ஒரு குறிப்பிட்ட புரதத்துக்கு எதிராக இம்யூனோகுளோபுலின் இ, சுருக்கமாக ஐஜிஇ, என்ற எதிர்ப்புரதத்தை முன்பே தயாரித்து வைத்திருக்கிறது. 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியும், சுவீடனில் யோஹான்சன், பென்னிக் ஆகியோரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது இது. இந்த ஐஜிஇ, தோலிலும் நுரையீரலிலும் குடலிலும் ரத்தக்குழாய்களை ஒட்டியும் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்களின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதே புரதம் மறுபடி வந்து ஐஜிஇயைத் தொட்டவுடன், மாஸ்ட் செல்கள் தம்மிடம் இருக்கும் ஹிஸ்டமின், டிரிப்டேஸ் முதலியவற்றைக் கொட்டிவிடுகின்றன. ரத்தக்குழாய்கள் விரிகின்றன. அவற்றின் சுவர் வழியாக நீர் கசிகிறது. சில நிமிடங்களிலேயே ரத்த ஓட்டத்தில் இருக்கும் திரவத்தில் ஒரு கணிசமான பங்கு திசுக்களுக்குள் போய்விடலாம். இன்னொரு பக்கம் மூச்சுக்குழாய்கள் சுருங்குகின்றன.

இரண்டாவது படி: அட்ரினலின், தொடையில், உடனே

மேலே சொன்ன ஒவ்வொன்றையும் நேர் எதிராகத் திருப்பும் மருந்து ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அட்ரினலின் விரிந்த ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, இதயத்தைப் பலமாகத் துடிக்க வைக்கிறது, மூச்சுக்குழாயை விரிக்கிறது, தொண்டை வீக்கத்தைக் குறைக்கிறது. போதாததற்கு, மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டுவதையும் தடுக்கிறது. எபிநெஃப்ரின் என்பதும் இதே மருந்துதான்.

அளவு: உடல் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், பெரியவர்களுக்கு ஒரு முறைக்கு அதிகபட்சம் 0.5 மில்லிகிராம். தானாகக் குத்தும் பேனா ஊசிகள் பெரும்பாலும் 0.15, 0.3 மில்லிகிராம் அளவுகளில் வருகின்றன. குழந்தையின் எடை கூடக் கூட எந்தப் பேனா என்பதை மருத்துவரிடம் கேட்டு மாற்ற வேண்டும்.

குத்த வேண்டிய இடம் தொடையின் வெளிப்பக்கம், இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவில், தசைக்குள். ஏன் தொடை என்பதற்கு நல்ல ஆய்வு இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த எஸ்டெல் சைமன்ஸ் குழு 1998-ல் குழந்தைகளிடம் அளந்து பார்த்தது. தொடைத் தசையில் போட்டபோது ரத்தத்தில் அட்ரினலின் உச்சத்தை எட்ட சராசரியாக 8 நிமிடம் ஆனது. தோலுக்கடியில் போட்டபோது 34 நிமிடம். முதலில் சொன்ன 15 நிமிடம், 30 நிமிடக் கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்.

பேனாவைக் கையாளும்போது: பாதுகாப்பு மூடியைக் கழற்றுங்கள். கட்டைவிரலை எந்த முனையிலும் வைக்காமல் முஷ்டியில் பிடியுங்கள், பதற்றத்தில் தலைகீழாகப் பிடித்துத் தன் விரலிலேயே குத்திக்கொண்டவர்கள் உண்டு. குழந்தையாக இருந்தால் காலை அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆடைக்கு மேலாகவே குத்தலாம், ஆனால் கால்சட்டைப் பையில் இருக்கும் பொருள்களோ தடித்த தையல் விளிம்போ குறுக்கே வரக்கூடாது. தொடையில் சத்தம் வரும்வரை அழுத்தி, அந்தப் பேனாவின் குறிப்பில் சொல்லியிருக்கும் நேரம் அப்படியே வைத்திருங்கள். 3 விநாடியா 10 விநாடியா என்பது சாதனத்துக்குச் சாதனம் மாறும். ஊசியே இல்லாமல் மூக்கில் தெளிக்கும் அட்ரினலினுக்கு 2024-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்திருக்கிறது. ஊசிக்குப் பயந்து தாமதிப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

"தேவையில்லாமல் போட்டுவிட்டால்?" என்ற தயக்கம்தான் உயிரை வாங்குகிறது. சரியான அளவில் தசைக்குள் போட்ட அட்ரினலினால் படபடப்பு, கை நடுக்கம், தலைவலி, முகம் வெளிறுவது ஆகியவை வரலாம். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அனாஃபிலாக்ஸிஸில் இதைப் போடவே கூடாது என்று எந்த நோயாளியும் இல்லை, இதயநோய் உள்ளவர்கள் உட்பட. சந்தேகம் வந்தால் போடுங்கள்.

சரி, அலர்ஜி மாத்திரை? ஆன்டிஹிஸ்டமின் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அவ்வளவுதான். விழுந்த ரத்த அழுத்தத்தை அது தூக்காது, அடைத்த தொண்டையைத் திறக்காது, வேலை செய்யத் தொடங்கவே அரைமணி நேரம் ஆகலாம். ஸ்டீராய்டு வேலை செய்ய மணிக்கணக்கில் ஆகும். மாத்திரையைக் கொடுத்துவிட்டு "கொஞ்சம் பார்ப்போம்" என்று உட்கார்ந்திருப்பதுதான் நான் திரும்பத் திரும்பக் கேள்விப்படும் தாமதம். மாத்திரை அட்ரினலினுக்குப் பிறகு வரட்டும். இன்ஹேலரும் அப்படியே. ஆஸ்துமாவும் உணவு ஒவ்வாமையும் சேர்ந்து இருப்பவருக்குத் திடீரென்று மூச்சு இளைத்தால், அட்ரினலின் முதலில், இன்ஹேலர் அப்புறம்.

மூன்றாவது படி: படுக்க வையுங்கள், எழுப்பாதீர்கள்

பம்ஃப்ரி 2003-ல் எழுதிய இன்னொரு கட்டுரை பலருக்குத் தெரிவதில்லை. இறந்தவர்களில் சிலர், படுத்திருந்த நிலையிலிருந்து உட்கார வைக்கப்பட்ட அல்லது நிமிர்ந்த சில நொடிகளில்தான் சரிந்திருந்தார்கள். காரணம் எளிது. ரத்தக்குழாய்கள் விரிந்து, திரவம் கசிந்து, ஏற்கெனவே இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைவு. எழுந்து நின்றால் இருப்பதும் கால்களில் தேங்கிவிடும். துடிக்கும் இதயத்துக்குள் பாய ரத்தம் இருக்காது.

எனவே மல்லாக்கப் படுக்க வைத்து, கால்களைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். மூச்சுவிட மிகவும் சிரமப்பட்டால் கால்களை நீட்டியபடி உட்காரலாம். வாந்தி எடுத்தால் அல்லது நினைவு தப்பினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கர்ப்பிணியை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைப்பது நல்லது. ஊசி போட்டதும் பலர் தெளிந்து, "இப்போது பரவாயில்லை, முகம் கழுவிவிட்டு வருகிறேன்" என்று எழுவார்கள். விடாதீர்கள். ஆம்புலன்ஸ் வரை நடத்திக் கூட்டிப் போவதும் கூடாது, ஸ்ட்ரெச்சர் அவரிடம் வரட்டும்.

நான்காவது படி: உதவி அழைப்பு, இரண்டாவது டோஸ், மருத்துவமனை

அவசர எண்ணை அழைக்கும்போது "அனாஃபிலாக்ஸிஸ்" என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். "அலர்ஜி" என்றால் அதன் அவசரம் எதிர்முனையில் புரியாமல் போகலாம். இருவர் இருந்தால் ஒருவர் ஊசி போடட்டும், மற்றவர் அழைக்கட்டும். தனியாக இருந்தால் ஊசி முதலில். 5 நிமிடத்தில் தெளிவு வராவிட்டால், அல்லது மறுபடி மோசமானால், இரண்டாவது டோஸை அடுத்த தொடையில் போடலாம். அதற்காகத்தான் எப்போதும் இரண்டு பேனா கையில் இருக்க வேண்டும் என்று சொல்வது. ரத்த அழுத்தத்துக்கோ இதயநோய்க்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம், அப்போது மருத்துவமனையில் குளூககான் என்ற மருந்து கொடுப்பார்கள். அதனால் அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலும் கூடவே போகட்டும்.

தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். நூற்றில் சுமார் 5 பேருக்கு, எல்லாம் அடங்கிய பிறகு, மறுபடி எதுவும் சாப்பிடாமலேயே அறிகுறிகள் திரும்புகின்றன. ஒரு மணி நேரத்தில் வரலாம், மூன்று நாள் கழித்தும் வரலாம். முதல் தாக்குதல் கடுமையாக இருந்தவர்களுக்கும், ஒரு டோஸுக்கு மேல் தேவைப்பட்டவர்களுக்கும் இதன் வாய்ப்பு அதிகம். அட்ரினலின் தாமதமாகப் போட்டவர்களுக்கும் அப்படித்தான்.

அங்கே ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: டிரிப்டேஸ் ரத்தப் பரிசோதனை. அறிகுறி தொடங்கிய ஓரிரண்டு மணி நேரத்துக்குள் ஒரு மாதிரி எடுக்க வேண்டும். எல்லாம் அடங்கி ஒரு நாளாவது கழிந்த பிறகு இன்னொன்று. இரண்டாவது அளவை 1.2-ஆல் பெருக்கி 2 கூட்டுங்கள். முதல் அளவு அதைவிட அதிகமாக இருந்தால் மாஸ்ட் செல்கள் வெடித்தது உறுதி. உணவு ஒவ்வாமையில் இது இயல்பாகவே இருந்துவிடலாம், அதனால் இயல்பான முடிவு வந்தது என்பதற்காக நோயை மறுக்க முடியாது. சாதாரண நாளிலும் அளவு கூடுதலாக இருந்தால் மாஸ்ட் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகும் மாஸ்டோசைட்டோசிஸ் போன்ற வேறு நோய் மறைந்திருக்கலாம். அந்த நேரத்தில் இந்த மாதிரியை எடுக்காமல் விட்டால் பின்னால் எடுக்க வழியே இல்லை.

ஐந்தாவது படி: எதனால் வந்தது?

இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். நினைவு புதிதாக இருக்கும்போதே எழுதிவையுங்கள்: முந்தைய ஆறு மணி நேரத்தில் சாப்பிட்டது, குடித்தது, போட்ட மாத்திரை, கடித்த பூச்சி, செய்த உடற்பயிற்சி, காய்ச்சல் இருந்ததா, மாதவிடாய் நாளா. தோலில் வந்ததைப் படம் எடுத்துவையுங்கள். உணவுப் பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஏன் இத்தனை விவரம் என்றால், சிலருக்கு உணவு மட்டும் தனியாக ஒன்றும் செய்வதில்லை. கோதுமை சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ஓடினாலும் ஒன்றும் ஆகாது. கோதுமை சாப்பிட்டுவிட்டு ஓடினால் அனாஃபிலாக்ஸிஸ். கோதுமையில் உள்ள ஒமேகா-5 கிளையடின் என்ற புரதத்துக்கு ஐஜிஇ இருக்கிறதா என்று பார்த்தால் இது பிடிபடும். மதுவும், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகளும் இதே போல ஒவ்வாமையைத் தூண்டிவிடும்.

இதைவிட வியப்பானது ஆல்ஃபா-கேல் கதை. செடுக்ஸிமாப் என்ற புற்றுநோய் மருந்தின் முதல் டோஸிலேயே அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் பலருக்கு அனாஃபிலாக்ஸிஸ் வந்தது. மற்ற இடங்களில் அவ்வளவாக இல்லை. தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் குழு துருவிப் பார்த்தபோது, அந்த மருந்தில் இருந்த ஆல்ஃபா-கேல் என்ற சர்க்கரைக்கு அவர்களிடம் முன்கூட்டியே ஐஜிஇ இருந்தது தெரிந்தது. 2008-ல் வெளியான ஆய்வு இது. அதே சர்க்கரை மாடு, ஆடு, பன்றி இறைச்சியில் இருக்கிறது. உண்ணி கடித்ததால் உடல் அதற்கு ஐஜிஇ தயாரித்திருந்தது. இறைச்சி சாப்பிட்ட 3 முதல் 6 மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில், அறிகுறி வரும். "சாப்பிட்டவுடன் வரவில்லையே, அப்படியானால் உணவு காரணமில்லை" என்ற வாதம் எப்போதும் சரியில்லை என்று இது கற்றுக்கொடுத்தது.

பரிசோதனைகளைப் பற்றி: தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் சோதனையில் 15 முதல் 20 நிமிடத்தில் 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் தடித்தால் அந்தப் பொருளுக்கு ஐஜிஇ இருக்கிறது என்று பொருள். ஐந்து முதல் ஏழு நாள் முன்பே ஆன்டிஹிஸ்டமினை நிறுத்தச் சொல்வார்கள். ரத்தத்திலும் ஐஜிஇயை அளக்கலாம். ஆனால் ஐஜிஇ இருப்பது வேறு, ஒவ்வாமை இருப்பது வேறு. சோதனையில் பாசிட்டிவ் வந்த உணவைச் சாதாரணமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். அதனால் ஐம்பது உணவுகளுக்கு மொத்தமாகச் சோதித்து, பாசிட்டிவ் வந்ததையெல்லாம் நிறுத்துவது தவறு. குழந்தைகளுக்கு இதனால் ஊட்டச்சத்துக் குறைவு வருகிறது, அது மனதை வருத்துகிறது. நடந்த சம்பவம் எதைச் சந்தேகிக்கச் சொல்கிறதோ, அதற்கு மட்டும் சோதனை. தீராத சந்தேகத்துக்கு, மருத்துவர் கண்முன்னால் சிறிது சிறிதாக அளவைக் கூட்டிச் சாப்பிட வைத்துப் பார்ப்பதே இறுதி விடை. இதை வீட்டில் செய்து பார்க்கக்கூடாது. உணவுக்கு எதிரான ஐஜிஜி என்ற இன்னொரு வகை எதிர்ப்புரதத்தின் அளவைப் பார்த்து "ஒத்துக்கொள்ளாத உணவுகள்" பட்டியல் தரும் பரிசோதனைகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஐஜிஜி, அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டும்.

மருந்து ஒவ்வாமையில் நேர் எதிரான சிக்கல். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று சொல்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், முறையாகச் சோதித்தால், தாராளமாக அதை எடுத்துக்கொள்ள முடிகிறது. சிறு வயதில் காய்ச்சலோடு வந்த தடிப்பை மருந்தின் மேல் போட்டிருப்பார்கள், அல்லது இருந்த ஒவ்வாமையே காலப்போக்கில் மறைந்திருக்கும். அந்த முத்திரையால் வாழ்நாள் முழுக்கப் பலம் குறைந்த, பக்கவிளைவு கூடிய மருந்துகளே கிடைக்கும். சோதித்து நீக்கிக்கொள்ளுங்கள்.

ஆறாவது படி: எழுத்தில் ஒரு திட்டம்

ஒரே பக்கம் போதும். பெயர், படம், எது ஒத்துக்கொள்ளாது, எந்த அறிகுறிக்கு என்ன செய்ய வேண்டும், பேனா எங்கே இருக்கிறது, யாரை அழைக்க வேண்டும். வீட்டில், பள்ளியில், அலுவலகத்தில் ஒவ்வொரு பிரதி. பள்ளியில் பேனாவைப் பூட்டிய அலமாரியில் வைப்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், சாவியைத் தேடும் நேரம் குழந்தையின் நேரம்.

பேனாவைச் சாதாரண அறை வெப்பத்தில் வெளிச்சம் படாமல் வையுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம், வெயிலில் நிற்கும் கார் வேண்டவே வேண்டாம். மருந்து பழுப்பு நிறமானால் அல்லது துகள் தெரிந்தால் மாற்றுங்கள். காலாவதி தேதியைத் தொலைபேசியில் நினைவூட்டலாகப் போட்டுவிடுங்கள். ஆபத்து நேரத்தில் காலாவதியான பேனா மட்டும்தான் இருக்கிறது என்றால் அதையே போடுங்கள், அதில் இன்னும் மருந்து வீரியம் மிச்சம் இருக்க வாய்ப்புண்டு. பயிற்சிப் பேனாவில் அவ்வப்போது குத்திப் பழகுவது நல்லது, வளர்ந்த பிள்ளை தானே செய்யும் அளவுக்கு.

ஏழாவது படி: தவிர்ப்பதைத் தாண்டி

குளவி, தேனீ விஷத்துக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நல்ல சேதி. சிறு அளவு விஷத்தை ஊசியாகப் போட்டு, மூன்று முதல் ஐந்து வருடம் தொடரும் சிகிச்சை மிகப் பெரும்பாலோரைக் காப்பாற்றுகிறது. ஒவ்வாமை மருத்துவத்தில் இவ்வளவு உறுதியான பலன் தரும் சிகிச்சை வேறில்லை. கொட்டுப்பட்டு உடல் முழுக்க எதிர்வினை வந்த ஒவ்வொருவரும் இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

உணவில் நிலைமை இன்னும் சிக்கலானது. வேர்க்கடலையை மிகச் சிறு அளவில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போகும் வாய்வழிச் சிகிச்சையில், 2018-ல் வெளியான பெரிய சோதனையில் 67 சதவீதக் குழந்தைகளும் இளைஞர்களும் 600 மில்லிகிராம் கடலைப் புரதத்தைத் தாங்கினார்கள். போலி மருந்து பெற்றவர்களில் 4 சதவீதம்தான். ஆனால் இது குணப்படுத்துவது இல்லை, தினமும் தொடர வேண்டும். தவிர்ப்பவர்களைவிட இந்தச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அனாஃபிலாக்ஸிஸ் அதிகம் வருவதை 2019-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு காட்டியது. தெரியாமல் வாயில் போகும் துணுக்குக்குப் பயந்து வாழும் குடும்பத்துக்கு அப்படியும் இந்தச் சிகிச்சை பொருத்தமாக இருக்கலாம். எல்லோருக்கும் இல்லை. ஐஜிஇயையே பிடித்துக் கட்டும் ஒமாலிசுமாப் ஊசிக்கு 2024-ல் அமெரிக்காவில் உணவு ஒவ்வாமைக்கு அனுமதி கிடைத்தது. பல உணவுகளுக்கு ஒரே நேரத்தில் பாதுகாப்பு தருவது இதன் சிறப்பு. ஆனாலும் தவிர்ப்பதும் பேனாவும் தொடர வேண்டும்.

கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குக் கடைசியாக ஒன்று. இரண்டாயிரமாவது ஆண்டு வாக்கில் ஒவ்வாமை வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை வேர்க்கடலை கொடுக்காதீர்கள் என்று அமெரிக்காவில் அறிவுரை சொன்னார்கள். ஒவ்வாமை குறையவில்லை. கிடியன் லாக் குழு 2008-ல் ஒப்பிட்டபோது, கடலையைத் தள்ளிப்போட்ட பிரிட்டன் யூதக் குழந்தைகளிடம், சின்ன வயதிலேயே சாப்பிட்ட இஸ்ரேல் குழந்தைகளைவிடக் கடலை ஒவ்வாமை பத்து மடங்கு இருந்தது. அப்புறம்தான் அதே குழுவின் லீப் என்ற ஆய்வு. கடும் எக்ஸிமா என்ற தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ இருந்த, 4 முதல் 11 மாதமான 640 குழந்தைகள். ஒரு பாதி ஐந்து வயது வரை கடலையைச் சாப்பிட்டது, மறுபாதி தவிர்த்தது. 2015-ல் வந்த முடிவு: தவிர்த்தவர்களில் 17 சதவீதத்துக்கு ஒவ்வாமை, சாப்பிட்டவர்களில் 3 சதவீதத்துக்கு. பதின்ம வயதை நெருங்கியபோதும் அந்தப் பாதுகாப்பு பெருமளவு நீடித்ததை 2024-ல் வெளியிட்டார்கள்.

எனவே குழந்தை திட உணவுக்குத் தயாரானதும், நாலு முதல் ஆறு மாதத்துக்குள், கடலையை மாவாகவோ நீர்த்த பசையாகவோ உணவில் கலந்து கொடுத்து, தொடர்ந்து கொடுத்துவருவது நல்லது. முழுக்கடலை மூச்சுக்குழாயில் சிக்கும், கூடாது. கடும் எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்தால் மட்டும், முதல் முறைக்கு முன் மருத்துவரைப் பார்த்து, சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.